பாப்பா குடிக்கிற தண்ணீர்

தொட்டியில் தண்ணீர் குறைவதைப் பற்றி அந்த வீட்டில் இரண்டு கட்சி இருந்தது. கண்ணாடிக்காரர் கட்சிக்கு, மூடி இல்லாத தொட்டி, மேலே நாள் முழுக்க எரிகிற விளக்கு, தண்ணீர் வற்றாமல் என்ன செய்யும்? அவர் மனைவி கட்சிக்கு, பாப்பா வந்து குடித்துவிட்டுப் போகிறாள்.

முதலில் அவர் கேலி செய்து பார்த்தார். "குடிக்கிறதுக்கு அவளுக்கு உப்புத் தண்ணிதான் கிடைச்சுதா? அடுக்களையில பானை நிறைய நல்ல தண்ணி இருக்கு" என்றார். மனைவி அப்படியே திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தாள். அதோடு அவர் வாயை மூடிக்கொண்டார். அது நடந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

பாப்பா அவர்களுடைய ஒரே பெண். கல்யாண வயது வந்த பிறகும் வீட்டில் அவள் பாப்பாதான். தெருப் பக்கம் கடை, பின்பக்கம் வீடு. கடையில் அப்பா கண்ணாடி வெட்டுவார், பக்கத்து மேசையில் மகள் சின்னச் சக்கரத்தை ஓடவிட்டுக் கண்ணாடியில் பூவும் கொடியும் செதுக்குவாள். வீடு கட்டுகிறவர்கள் எல்லாம் வாசல் கதவுக் கண்ணாடிக்கு அவளைத் தேடி வருவார்கள். "அப்பா வெட்டினது உடையும், மக செதுக்குனது உடையாது" என்று ஒரு கொத்தனார் சொல்லப் போக, அதையே சொல்லிச் சொல்லி அவள் அப்பாவைப் படுத்தி எடுத்தாள்.

கூடத்துத் தொட்டியைச் செய்து கொடுத்தது கண்ணாடிக்காரர்தான். தடித்த கண்ணாடியாகப் பார்த்து எடுத்து, விளிம்பு தேய்த்து, பசை வைத்து, ஒரு சொட்டு கசியாமல் ஒட்டினார். அதில் அவள் வளர்த்தது மீன்கூட இல்லை. பவளம். ஒரு விரல் நீளக் குச்சியை வாங்கி வந்து வைத்தாள். அது வளர்ந்து வளர்ந்து, இரண்டு கைகளையும் சேர்த்து விரித்தாற்போல ஒரு புதர் ஆகிவிட்டது. உடம்பெல்லாம் இளம்பழுப்பு, கிளை நுனி ஒவ்வொன்றும் ஊதா. கிட்டப்போய்ப் பார்த்தால் மேலெல்லாம் பொடிப்பொடியாகப் பூ மாதிரி வாய் திறந்து மூடும்.

அந்தத் தொட்டியைத்தான் கண்ணாடிக்காரர் இப்போது ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. சாப்பிடும்போதுகூட அதற்கு முதுகு காட்டித்தான் உட்காருவார். கடையில் ஒரு கண்ணாடிச் சில்லு பாப்பாவின் வலது கை விரலைக் கீறியது. கண்ணாடிக் கடையில் கீறலெல்லாம் ஒரு விஷயமா? அன்றைக்குச் சாயங்காலமே அந்தக் கையைத் தொட்டிக்குள் விட்டு வேலை பார்த்தாள். கை வீங்கியது. வீங்கினது இறங்கவே இல்லை. கிருமி கண்ணாடியிலிருந்து வந்ததா, தண்ணீரிலிருந்து வந்ததா என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை. கண்ணாடிக்காரர் தண்ணீர் என்று முடிவு கட்டிக்கொண்டார். வேறு என்ன முடிவு கட்டுவார், பாவம்? கண்ணாடி அவர் வெட்டியதாயிற்றே.

பாப்பாவின் காரியமெல்லாம் முடிந்த கையோடு சுத்தியலைத் தூக்கிக்கொண்டு வந்தார். மனைவி தொட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். "உடைங்க. என்னையும் சேத்து உடைங்க" என்றாள். சுத்தியல் கடைக்குத் திரும்பிப் போனது. அன்றிலிருந்து தொட்டி அவள் பாடு.

அவள் ரொட்டித் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டுகிறவள். முன்பெல்லாம் விடிவதற்கு முன்னால் போய்விடுவாள். பாப்பா போன பிறகு, கேட்டு, பகல் வேலைக்கு மாற்றிக்கொண்டாள். காலையில் எழுந்ததும் தொட்டிக்கு எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்து பேசுவாள். தொழிற்சாலையில் யார் யாரைத் திட்டினார்கள், ரொட்டி எத்தனை கருகியது, எல்லாம் சொல்வாள். பேசி முடித்ததும் வாளியில் தண்ணீர் கலக்கி, குறைந்த அளவுக்கு ஊற்றுவாள். முதுகுக்குப் பின்னால் அந்தத் தண்ணீர் விழும் சத்தம் கேட்கும்போதெல்லாம் கண்ணாடிக்காரருக்கு வாயில் இருக்கும் கவளம் இறங்காது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. காலையில் பேச்சுச் சத்தத்தைக் காணோம். தண்ணீர் விழும் சத்தமும் இல்லை.

"ஏங்க."

சாப்பிட்டுக்கொண்டிருந்த அவர் திரும்பவில்லை. "என்ன?"

"இங்க வாங்களேன்."

"நான் அங்க வர்றதில்லன்னு உனக்குத் தெரியாதா?"

"ஏங்க, இதுக்கு என்னமோ ஆயிடுச்சுங்க. தோல் உரியுது."

அந்த வார்த்தை அவரை எழுப்பிவிட்டது. எச்சில் கையோடு போய் நின்றார். புதரின் அடிப்பாகம் வெள்ளையாக இருந்தது. சுண்ணாம்பு வெள்ளை. அதற்கு மேலே, பழுப்புத் தோல் முடிகிற இடத்தில், சதை நைந்து தொங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் ஓட்டத்தில் அதிலிருந்து ஒரு துணுக்கு பிய்ந்து, ஆடிக்கொண்டே மேலே போனது. அந்த மாதிரித் தோலை அவர் ஏற்கெனவே ஒரு தடவை பார்த்திருக்கிறார்.

"அந்தப் பொண்ணைக் கூப்பிடு" என்றார்.

அந்தப் பொண்ணு என்றால் பவளக்காரி. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் தொட்டிக் கடை வைத்திருக்கிறவள். பாப்பாவுக்கு அந்த முதல் குச்சியை விற்றவள், பிறகு சிநேகிதி ஆனவள். துக்கத்துக்கு வந்து போனதற்குப் பிறகு அவள் இந்த வாசல் மிதிக்கவில்லை. கூப்பிட்டதும் கடையைப் பாதி சாத்திவிட்டு, வாளியும் பையும் ஒரு சின்னத் தொட்டியுமாக வந்து இறங்கினாள். நல்ல உடம்பு, நிற்காத வாய்.

"வர்றேன் வர்றேன்னு நினைச்சுக்கிட்டே இருந்தேன்மா, கால் வரல. திட்டணும்னா அப்புறம் மொத்தமா திட்டிடுங்க. எங்க, காட்டுங்க." தொட்டியைப் பார்த்ததும் வாய் நின்றது. குனிந்து, கண்ணாடியில் மூக்கு ஒட்டப் பார்த்தாள். "அப்பா, அந்த விளக்கைக் கொஞ்சம் அணைங்க."

அவளும் 'அப்பா' என்றுதான் கூப்பிடுவாள். அந்தக் கூடத்தில் அந்தச் சொல் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது. கண்ணாடிக்காரர் சுவிட்சைத் தேடித் தடவினார்.

பவளக்காரி கைவிளக்கை அடித்துக் கிளைகளுக்கு நடுவே தேடினாள். "பூச்சி கடிச்சிருந்தா அங்கங்க புள்ளி புள்ளியா இருக்கும். முட்டை ஒட்டிக்கிட்டிருக்கும். ஒன்னையும் காணோம்."

"வெளுத்துப் போறதுன்னு பாப்பா ஒன்னு சொல்லுவாளே, அதுவா?" என்றாள் அம்மா. "சூடு தாங்காம வெளுக்கும், அப்புறம் தேறிடும்னு சொல்லுவா."

"அது இல்லம்மா. வெளுக்கறதுன்னா கலர் மட்டும்தான் போகும், சதை அப்படியே இருக்கும். கண்ணாடி மாதிரி தெரியும், ஆனா உயிர் இருக்கும். இதைப் பாருங்க." ரப்பர் குமிழ் வைத்த ஒரு நீளக் குழாயை விட்டு, வெள்ளை முடியும் இடத்தில் லேசாகத் தண்ணீரைப் பீய்ச்சினாள். நனைந்த காகிதம் மாதிரி சதை கிழிந்து பறந்தது. உள்ளே வெறும் எலும்பு. "இது சதை அழுகறது. அடியில ஆரம்பிச்சு மேல ஏறுது."

"மருந்து இருக்கில்ல?"

பவளக்காரி பையைத் துழாவினாள். கறுப்பு மை பேனா ஒன்றை எடுத்தாள். முன்பக்கக் கண்ணாடியில், வெள்ளையும் பழுப்பும் சேர்கிற இடத்துக்கு நேராக, குறுக்கே ஒரு கோடு இழுத்தாள்.

"எவ்வளவு வேகமா போகுதுன்னு தெரியணும். கொஞ்ச நேரம் கழிச்சு, இதே இடத்துல நின்னு பார்ப்போம். கோட்டைத் தாண்டுச்சான்னு."

கண்ணாடிக்காரர் அந்தக் கோட்டையே பார்த்தார். ஆஸ்பத்திரியிலும் இதே மாதிரிக் கறுப்பு மைதான். பாப்பாவின் மணிக்கட்டுக்கு மேலே, சிவப்பு முடிந்த இடத்தில் நர்ஸ் கோடு போட்டாள். இதைத் தாண்டுதான்னு பார்ப்போம் என்றாள். எல்லாரும் உட்கார்ந்து அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னப்பா, முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு?"

"ஒன்னுமில்லம்மா. டீ போடச் சொல்றேன்."

டீயும் ரொட்டியும் வந்தது. தொழிற்சாலையில் ஓரம் கருகினதையெல்லாம் வீட்டுக்குக் கொடுத்துவிடுவார்கள். பவளக்காரி கருகலைச் சுரண்டிக்கொண்டே எதையாவது பேசிக்கொண்டிருந்தாள். பேச்சு நின்றால் தொட்டியின் மோட்டார் உறுமுவது கேட்கும், அதனால் பேசினாள். "பாப்பா என் கடைக்கு முதல்ல வந்தப்ப என்ன கேட்டா தெரியுமா? இது கடிக்குமான்னு கேட்டா. கடிக்காது, ஆனா காசைத் தின்னும்னு சொன்னேன். அப்பதான் சிரிச்சா, பாருங்க."

அம்மாவும் சிரித்தாள். சிரித்த வாய் மூடுவதற்குள் கண் நிறைந்துவிட்டது.

"அவ இதுக்குள்ளதான் இருக்கா" என்றாள், தொட்டியைக் காட்டி. "இவரு நம்ப மாட்டாரு. தினம் வந்து தண்ணி குடிக்கிறா. நான் ஊத்துறேன், அவ குடிக்கிறா. ஒரு நாள்கூட விட்டதில்ல."

பவளக்காரி கண்ணாடிக்காரரைப் பார்த்தாள். அவர் டம்ளரைப் பார்த்தார்.

சற்று நேரம் கழித்து மூன்று பேரும் எழுந்து போய் நின்றார்கள். யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வெள்ளை, கோட்டைத் தாண்டி விரல் அகலத்துக்கு ஏறியிருந்தது.

"வெட்டணும்" என்றாள் பவளக்காரி. குரல் இறங்கிவிட்டது. "மருந்துக்கு இது நிக்காதும்மா. மேல இருக்கற நல்ல கிளையை எல்லாம் தனித்தனியா வெட்டி எடுத்து, மருந்துத் தண்ணியில முக்கி, வேற இடத்துல வைக்கணும். அழுகின இடத்துக்கு ஒட்டினாப்பல வெட்டக் கூடாது. நல்லா மேல தள்ளி, நல்ல சதையில வெட்டணும். எத்தனை பிழைக்கும்னு என்னால சொல்ல முடியாது. ஆனா இப்பவே பண்ணணும்."

"மிச்சம்?"

"அடிமரம் போயிடும்மா."

"முடியாது." அம்மா கண்ணாடியை மறைத்துக்கொண்டு நின்றாள். "பாப்பா ஒரு குச்சியிலேருந்து வளத்தது இது. துண்டு துண்டா வெட்டவா உன்னைக் கூப்பிட்டேன்? அது முழுசா இருக்கட்டும். தானா நிக்கும். கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்."

கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம். கண்ணாடிக்காரருக்குத் தூக்கிவாரிப்போட்டது. அது அவருடைய வார்த்தை. கையை எடுத்துவிட்டால் உயிர் தங்கும் என்று டாக்டர் சொன்னபோது, பாப்பா இடது கையால் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "கை போனா நான் என்னப்பா பண்ணுவேன்? வேணாம்னு சொல்லுப்பா." காய்ச்சலில் கண் சிவந்து கிடந்தது. அவர் டாக்டரிடம் போய் நின்று, "கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம் சார்" என்றார். பொறுத்தார்கள். சிவப்பு கோட்டைத் தாண்டி, முழங்கையைத் தாண்டி, தோளுக்குப் போனது. பிறகு அவரே ஓடி, எடுத்துடுங்க சார், எடுத்துடுங்க என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். டாக்டர் அவர் தோளில் கை வைத்தார். அவ்வளவுதான்.

"வெட்டும்மா" என்றார் பவளக்காரியிடம்.

மனைவி மெல்லத் திரும்பினாள்.

"இன்னிக்கு வாய் வருதா உங்களுக்கு?" என்றாள். "அன்னிக்கு எங்க போச்சு இந்த வாய்? அன்னிக்குச் சொல்லியிருந்தா எம்பொண்ணு ஒத்தைக் கையோட இந்தக் கூடத்துல உக்காந்திருப்பாளே! நான் ஊட்டி விட்டிருப்பேனே!"

ஒரு வருஷமாக அவள் தொண்டையில் நின்றது வெளியே வந்துவிட்டது. பவளக்காரி வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். 

"சொல்லியிருக்கணும்" என்றார் கண்ணாடிக்காரர். "சொல்லல. அதனாலதான் இன்னிக்குச் சொல்றேன். தள்ளு."

அவள் நகரவில்லை. ஆனால் அவர் அவள் தோளைத் தொட்டு நகர்த்தியபோது, பிடிவாதம் விட்டு நகர்ந்தாள். அடுக்களைக்குள் போய், கதவுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள்.

"நானே வெட்டுறேன்" என்றார் கண்ணாடிக்காரர்.

"கையில கீறல் இருக்காப்பா?" கேட்ட பிறகுதான், யாரிடம் கேட்கிறோம் என்று பவளக்காரிக்கு உறைத்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அவர் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். கண்ணாடி வெட்டுகிற கையில் கீறல் இல்லாத இடம் எது? அவள் முழங்கை வரைக்கும் வருகிற உறையை எடுத்து, குழந்தைக்குப் போட்டுவிடுவது போல ஒவ்வொரு விரலாக மாட்டிவிட்டாள்.

பாப்பா போன பிறகு அந்தத் தண்ணீருக்குள் அவர் கை போவது அதுதான் முதல் தடவை. சில்லென்று இருக்கும் என்று நினைத்திருந்தார். இல்லை. உறையைத் தாண்டியும் தெரிந்தது, வெதுவெதுவென்று ஆள் உடம்பு மாதிரி. கை ஒரு நிமிஷம் அப்படியே நின்றுவிட்டது. கிளைகளுக்கு நடுவே யாரோ விரலைக் கோத்துப் பிடித்துக்கொண்டது போல இருந்தது. பிரமைதான். ஆனால் அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"பெரிய கிளையிலிருந்து ஆரம்பிங்க. ஒரே அழுத்தா அழுத்துங்க. யோசிச்சு யோசிச்சு அழுத்தினா நொறுங்கிடும்."

அது அவருக்குத் தெரிந்த வேலை. கண்ணாடியிலும் அப்படித்தான். ஒரே இழுப்பு, இரண்டாம் தடவை கீறினால் போச்சு. பவளக்காரி கொடுத்த வெட்டு இடுக்கியின் வாயை நல்ல சதையில் வைத்து அழுத்தினார். 'டக்' என்று தண்ணீருக்குள்ளிருந்து சத்தம் வந்தது. கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு விசும்பல் கேட்டது. ஒவ்வொரு 'டக்'குக்கும் ஒரு விசும்பல். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டினார்.

வெட்டின கிளைகளைப் பவளக்காரி பழுப்பு மருந்தில் முக்கி, அலசி, காசு மாதிரிச் சின்னக் கல் வில்லைகளில் பசை வைத்து ஒட்டினாள். கடைசியில் தொட்டிக்குள் விரலெல்லாம் போன உள்ளங்கை மாதிரி அடிமரம் மட்டும் நின்றது. அதையும் எடுத்து வாளியில் போட்டார்கள்.

"இனி இதுங்களைத் தனித் தொட்டியில வைக்கணும். அதுக்குத் தண்ணி கலக்கறதுக்கு முன்னாடி, இதோட உப்பு என்னன்னு பாத்துக்கறேன். ரெண்டும் ஒன்னா இருக்கணும்." உப்பு பார்க்கிற ஒரு குழலை எடுத்து, அதன் முனையில் தொட்டித் தண்ணீர் ஒரு சொட்டு விட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணில் வைத்துப் பார்த்தாள். துடைத்துவிட்டு இன்னொரு சொட்டு விட்டுப் பார்த்தாள்.

"அய்யோ!"

"என்னம்மா?"

"முதல்ல இதத்தான் பாத்திருக்கணும். எம்புத்திய என்ன சொல்றது! பாப்பா தொட்டியில உப்பு தப்பாதுன்னு இருந்துட்டேன். பாப்பா இல்லைங்கறதே மறந்துபோச்சு." குழலை இறக்கினாள். "கடல்ல இருக்கறதைவிட எங்கயோ ஏறிக் கிடக்குதுப்பா. இதுல இது இத்தனை நாள் உயிரோட இருந்ததே பெரிசு. தினம் குறையற அளவுக்கு என்ன ஊத்துறீங்க? உப்பு கலந்தா ஊத்துறீங்க?"

கண்ணாடிக்காரர் அடுக்களைக் கதவைப் பார்த்தார்.

"வத்தும்போது தண்ணிதான்பா போகும். உப்பு அப்படியே நிக்கும். குறைஞ்சதுக்கு வெறும் நல்ல தண்ணிதான் ஊத்தணும். மேல மேல உப்பு ஊத்துனா என்ன ஆகும்? கொஞ்சம் கொஞ்சமா, தெரியாமயே..." அவள் முடிக்கவில்லை. அம்மா சொன்னது அவளுக்கு நினைவு வந்துவிட்டது. நான் ஊத்துறேன், அவ குடிக்கிறா. ஒரு நாள்கூட விட்டதில்ல.

அவருக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. தினமும் காலையில் பாப்பா வெறும் தண்ணீர்தான் ஊற்றுவாள். அவர் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பழைய தண்ணீரை எடுத்துவிட்டு, உப்புக் கலந்து புதுசு ஊற்றுவாள். அப்போதெல்லாம் விடியுமுன் வேலைக்குப் போய்விடுகிற மனைவி காலையில் வீட்டில் இருந்தது ஞாயிறு மட்டும்தான். அவள் கண்ணில் பட்டது அந்த உப்பு வாளிதான். மகள் செய்ததை அச்சு மாறாமல் செய்கிறோம் என்றுதான் தினமும் செய்திருக்கிறாள். ஒரே ஒரு தடவை அவர் கழுத்தைத் திருப்பிப் பார்த்திருந்தால் சொல்லியிருப்பார். முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாரே!

அடுக்களைக் கதவு திறந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் வந்து நின்றாள்.

"எதனாலயாம்? கேட்டீங்களா?"

பவளக்காரி வாயைத் திறந்தாள். கண்ணாடிக்காரர் முந்திக்கொண்டார்.

"என்னாலதான்" என்றார். "நீ வேலைக்குப் போனப்புறம் நானும் தண்ணி ஊத்துவேன். உப்பு போட்டு ஊத்திட்டேன். உப்பு கூடிப்போச்சாம்."

"நீங்களா?"

"ஆமா. தெரியாம பண்ணிட்டேன்."

ஏற்கெனவே ஒன்றைச் சுமந்துகொண்டிருக்கிறோம், இதுவும் அதன் மேலேயே கிடக்கட்டும் என்று அவருக்குத் தோன்றியது. பவளக்காரி அவரையே பார்த்தாள். பிறகு அவசரமாகத் தண்ணீர் கலக்கி, கிளைகளைச் சின்னத் தொட்டியில் வைத்துவிட்டுப் பையைக் கட்டினாள். "இனிமே வெறும் தண்ணி ஊத்துங்கம்மா, போதும். ஒரேயடியா உப்பைக் குறைச்சிடாதீங்க, அதுவே கொன்னுடும். கொஞ்சம் கொஞ்சமாத்தான் இறங்கணும்" என்று சொல்லி, போகிற போக்கில் அம்மாவை ஒரு தடவை கட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அன்று முழுக்க மனைவி அவரோடு பேசவில்லை.

மறுநாள் காலையில் சின்னத் தொட்டியில், வில்லையில் ஒட்டிய கிளைகளில் இரண்டு வெள்ளையாகிக் கிடந்தன. மற்றவற்றில் பூ வாய் விரித்திருந்தது. பெரிய தொட்டியில் வழக்கம்போல விரல் அகலத்துக்குத் தண்ணீர் இறங்கியிருந்தது. மனைவி முக்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"இங்க வாங்க" என்றாள். அவர் போனார்.

"உப்பு டப்பா எங்க இருக்கு?"

"என்ன?"

"உப்பு போட்டு ஊத்தினேன்னீங்களே. டப்பா எங்க இருக்கு, எடுத்துட்டு வாங்க."

அவர் அடுக்களைப் பக்கம் பார்த்தார். பரணைப் பார்த்தார். "அலமாரியிலதான..." என்று இழுத்தார்.

"கட்டிலுக்கு அடியில இருக்கு" என்றாள் அவள். "பொய் சொல்லக்கூடத் தெரியல உங்களுக்கு." குரல் உடைந்தது. "பாப்பா என்கிட்டயும் கேட்டா. உங்களைக் கேக்கறதுக்கு முன்னாடி என்னைத்தான் கேட்டா. கையை எடுக்க விடாதம்மான்னா. சரிடின்னேன். நீ அப்பாகிட்டச் சொல்லு, அப்பா சொன்னா டாக்டர் கேப்பாருன்னு உங்ககிட்ட கேக்க வச்சதே நான்தான். அதை உங்க தலையில போட்டுட்டு, ஒரு வருஷமா நல்லவ மாதிரி இங்க உக்காந்திருக்கேன்."

கண்ணாடிக்காரர் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். தொட்டியைப் பார்த்து உட்கார்ந்தார். அவள் முழங்காலில் கையை வைத்தார். அவள் தட்டிவிடவில்லை. மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது. தொழிற்சாலை வண்டி வந்து வாசலில் ஆரன் அடித்துவிட்டுப் போயிற்று. அவள் எழவில்லை.

அவர்தான் எழுந்தார். அடுக்களைக்குப் போய், பானையிலிருந்து ஒரு செம்பு நல்ல தண்ணீர் மொண்டுகொண்டு வந்தார். பெரிய தொட்டியின் ஓரத்தில் செம்பைச் சாய்த்து, சத்தம் வராமல், கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். தண்ணீர் உள்ளே இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தவர், பக்கத்தில் மனைவி இருப்பதையும் மறந்து சொன்னார்.

"குடிம்மா. இது நல்ல தண்ணி."